பிஸ்கட் டப்பாவில் இருந்த கிட்டார்

இக்பால் அண்ணனின் குரல் என் கைப்பேசியில் ஒலித்தபோது, அவருடைய பேஸ் கிட்டார் என் கடை மேசைமேல் முப்பத்தோரு துண்டுகளாகக் கிடந்தது. திருகாணிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தேரடித் தெருவில் இருக்கிற என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அந்த நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். வெயில் அப்படி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லென்ஸ் தேய்க்கிற மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கிட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். சாலிடரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு கையில் ஸ்குரூ டிரைவரோடு இன்னொரு கை விரலால் அதைத் தட்டினேன்.

"டேய் சேகரு, நல்லா கீறியா? நஸ்ரினுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம்டா. நான் இந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் ஊருக்கு வந்துடறேன். என் கிட்டார எடுத்து வை. மருதாணி வைக்கற அன்னிக்கு, பொண்ணு முன்னாடி உக்காந்து ஒரு தடவ வாசிக்கணும்னு ஆசை. அவங்கம்மாவுக்குப் புடிச்சது ஒண்ணு இருக்குது, அத வாசிக்கணும். ஒண்ணும் பண்ணலயே அத?"

நான் துண்டுகளைப் பார்த்தேன். பிறகு கைப்பேசியின் பொத்தானை அழுத்தி, கொஞ்சமும் குரல் நடுங்காமல் பதில் சொன்னேன்.

"ஒண்ணும் பண்ணலண்ணா. நீங்க குடுத்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்குது."

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தது.

ரெண்டு கம்பி எங்கே?

பேஸ் கிட்டார் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் ஊரில் தெரிந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலுதான், ஆனால் தடிமனான கம்பிகள். பாட்டுக்கு அடியில் தும், தும் என்று ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்குமே, அது இதுதான். பெரும்பாலானோர் அது டிரம்ஸ்காரர் செய்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. தவறாக வாசித்த நாட்களில் அது வசதியாகவும் இருக்கிறது.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. இரண்டாவது பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா நேராக மேடையேறி என்னிடம் வந்தார். கிட்டாரை உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ரெண்டு கம்பி அறுந்து போயிருக்குதே. டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கியாரச் சொல்லட்டுமா?"

இது இப்படித்தான், நாலு கம்பிதான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப வெல கம்மியா?"

விலை அதிகம் என்று சொன்னதும் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நான் ஏமாற்றப்பட்டுவிட்டேன் என்று அவர் முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது.

என் மனைவி சுமதியும் ஒருமுறை கச்சேரிக்கு வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து கேட்டாள்.

"பாடறது கேட்டுச்சு, கீபோர்டு கேட்டுச்சு. நீங்க அங்க நின்னு என்னதான் பண்ணீங்க?"

"தாளத்தையும் சுருதியையும் சேத்துப் புடிச்சிட்டிருந்தேன்."

"விட்டிருந்தா எங்க போயிருக்கும்?"

வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

கை அரிக்கிற நோய்

உண்மையைச் சொன்னால், நான் கிட்டார் வாசிக்கிற நேரத்தைவிட அதைப் பிரித்துப் பார்க்கிற நேரம் அதிகம். தொழில் அப்படி. "கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது சார்" என்று வருகிறவருக்குப் பொடித் திருகாணியைக் கால் சுற்று இறுக்கிக் கொடுக்கிறேன். அவருக்கு உலகமே நேராகிவிடுகிறது. இருபது வருடங்களாக இதையே செய்துவந்தால், எதைப் பார்த்தாலும் கால் சுற்று இறுக்கத் தோன்றும். வாசிப்பில் குறை என்றால் பயிற்சி செய்யவேண்டும் என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எனக்கு வால்யூம் குமிழை மாற்றவேண்டும் என்று தோன்றும்.

என் முதல் கிட்டாரில் நானே துளை போட்டு, அது துளையோடு நின்றுபோன கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இவ்வளவையும் மாற்றினீர்களே, வாசிக்கிற ஆளை மாற்றிப் பார்த்தீர்களா?" எங்கள் குழுவிலும் இந்த யோசனை அவ்வப்போது வரும். ஊரில் வேறு ஆள் கிடைக்காததால் கைவிட்டுவிடுவார்கள்.

இரண்டாவது கிட்டார் இன்னும் மோசம். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகச் சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருப்பார்கள். ப்ரெட் என்பார்கள். எந்த இடத்தில் அழுத்தினால் எந்த சுரம் என்பதற்கு அதுதான் வேலி. அவற்றை எடுத்துவிட்டால் சத்தம் வழவழவென்று அழகாக வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறடால் எல்லாவற்றையும் பிடுங்கினேன். வழவழவென்றுதான் வந்தது, ஆனால் எந்த சுரம் வரும் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த கச்சேரியில் பாடகி மூன்று முறை திரும்பிப் பார்த்தார். முதல் இரண்டு முறை கோபமாக, மூன்றாம் முறை பரிதாபமாக.

பிறகு இரைச்சல் வந்த காலம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தக்கட்டை ஒன்று கிட்டாரின் வயிற்றில் இருக்கும். பிக்கப் என்று பெயர். அதை மாற்றி, பெரிய சத்தம் தருவதாக ஒன்றைப் பொருத்தினேன். பெரிய சத்தம் வந்தது. கூடவே, கம்பியிலிருந்து கையை எடுத்தால் மண்டபத்தின் ஜெனரேட்டர், சீரியல் லைட்டு எல்லாம் சேர்ந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமும். கையை வைத்தால் நிற்கும். அன்றைய வரவேற்பில் மூன்று மணி நேரம் நான் கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. காபி வந்தது, ஆறிப்போனது. யாரோ பாசமாகத் தாம்பூலப் பையை நீட்டினார்கள். வாங்கக் கை இல்லாததால் கிட்டார் தலையில் கம்பியை முறுக்குகிற சாவி ஒன்றில் அவரே மாட்டிவிட்டுப் போனார். உள்ளே தேங்காய் இருந்தது. அடுத்த பாட்டு முழுக்க அந்தக் கம்பி சுருதி இறங்கிக்கொண்டே போனது.

இக்பால் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை

இக்பால் அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூன்று தலைமுறையாக ஊரில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கும் குடும்பம். எங்கள் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் அவர்தான். அளவாக, சுத்தமாக வாசிப்பார். அவர் வாசித்த காலத்தில் யாரும் மேடையேறி வந்து கம்பியை எண்ணியதில்லை.

அவர் மனைவி ஷாஹிதா பாபி காய்ச்சலில் படுத்து, வேலூருக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் இறந்துபோனார். நஸ்ரினுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. அதன் பிறகு அண்ணன் மேடையேறவில்லை. இரண்டு வருடம் கழித்து மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. நஸ்ரினைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். ஊரில் பேஸ் கிட்டார் வைத்திருந்த இன்னொரு ஆள் என்ற ஒரே தகுதியில், அவர் மேடையை விட்டதுமே அவருடைய இடம் எனக்கு வந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கிட்டாரை ஒரு மெத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"வீட்ல வச்சா எங்க அக்கா யாருக்காவது தூக்கிக் குடுத்துடும். உன்கிட்ட இருக்கட்டும். நீ வாசி, கச்சேரிக்குக் கொண்டுபோ. ஆனா ஒண்ணும் பண்ணாத."

"சரிண்ணா."

"சேகரு, ஒண்ணும் பண்ணாதன்னா ஒண்ணும் பண்ணாத."

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அதை உண்மையாகவே ஆட்டினேன். ஒரு வருடம் தொடவும் இல்லை. வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வரும், பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது ப்ரெட்டில் அழுத்தினால் கிர்ரென்று கம்பி உரசும், அதையும் பொறுத்துக்கொண்டேன். பல்வலியோடு ஒரு வருடம் இருந்த மாதிரி இருந்தது.

பிறகு ஒருநாள் துடைக்கலாம் என்று தோன்றியது. துடைப்பது 'ஒண்ணும் பண்ணாத' என்பதில் வராது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். நல்ல அழுக்கு. மெத்தைக் கடைப் பஞ்சும் தூசியும் வியர்வையும் சேர்ந்து கறுத்துக்கிடந்தது. கழுத்தின் மேல் ஓரத்தில் அங்கங்கே சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கடைக்கு பெயிண்ட் அடித்தபோது தெறித்திருக்கும் என்று நினைத்தேன். ஈரத்துணிக்கு அது போகவில்லை. உடைந்த பிளாஸ்டிக் பிரேமை ஒட்டுவதற்குக் கடையில் அசிட்டோன் வைத்திருப்பேன். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் அதை நனைத்து இரண்டு இழு இழுத்தேன். பளிச்சென்று போய்விட்டது. என் கைவேலையை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன்.

துடைத்த பிறகு வெளிப்பக்கம் புதிதாகவும் உள்பக்கம் பழையதாகவும் இருந்தது மனதை உறுத்தியது. அதில்தான் ஆரம்பித்தது.

என் கொள்கை

எனக்கும் ஒரு கொள்கை உண்டு. அடுத்தவர் பொருளில், திரும்பப் பழையபடி ஆக்கமுடியாத எதையும் செய்யமாட்டேன். துளை போடமாட்டேன், செதுக்கமாட்டேன், ப்ரெட்டைப் பிடுங்கமாட்டேன். கழற்றுவேன், வேறொன்றை மாட்டுவேன். கழற்றியது பத்திரமாக இருக்கும். அப்படிப் பார்த்தால் அது மாற்றமே அல்ல, உடை மாற்றுவது மாதிரிதான் என்று சுமதியிடம் விளக்கினேன்.

"அவரு உங்கள நம்பிக் குடுத்தாரு. இது நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஏழெட்டு வருடத்தில் பிக்கப் மாறியது. வால்யூம், டோன் குமிழ்கள் மாறின. கம்பியை முறுக்குகிற சாவிகள் நாலும் மாறின. கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் மாறியது. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு மாறியது. கழற்றிய ஒவ்வொன்றையும், கடையில் மூக்குப்பட்டை போட்டு வைக்கிற சின்னச் சின்னக் கவரில் போட்டு, மேலே பேனாவால் எழுதி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தேன். 'வால்யூம், பழசு, கரகர.' 'சாவி, மேலிருந்து இரண்டாவது, கொஞ்சம் லூஸ்.' துருப்பிடித்த பழைய கம்பிகளைக்கூட வளையமாகச் சுற்றிப் போட்டிருந்தேன். திருகாணிகளை மட்டும் அந்த மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். கறைபட்ட துணி, இனி யார் கண்ணாடியையும் துடைக்க உதவாது.

அந்த டப்பாவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் நான் எவ்வளவு நாணயமான ஆள் என்று எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அழுக்குப் பூசியது

அந்தப் பத்து நாளும் மத்தியானத்தில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. மாட்டியதையெல்லாம் கழற்றினேன், கழற்றியதையெல்லாம் மாட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைக் கெடுப்பதற்காக உழைத்தேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த குமிழை எடுத்துவிட்டுக் கரகரத்த குமிழைப் பற்றவைத்தேன். பளபளத்த சாவிகளை எடுத்துவிட்டு லூஸ் சாவியை அதே லூஸோடு பொருத்தினேன்.

மூன்றாவது ப்ரெட்டின் உரசல்தான் படுத்தியது. கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதை இறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் வளையும். எங்கள் ஊர் வெயிலில் கழுத்து வளைந்துபோவதால் அதைப் போன வருடம் சரி செய்திருந்தேன். இப்போது சரியாக இருந்ததைச் சரியில்லாமல் ஆக்கவேண்டும். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் அரைக்கால் சுற்று என்று மூன்று நாள் போனது. நாலாம் நாள் மூன்றாவது ப்ரெட் பழையபடி கிர்ரென்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மகிழ்ந்தேன்.

ஒன்று பாக்கி. மரம் ரொம்பச் சுத்தமாக இருந்தது. கடையைப் பெருக்கிய தூசியில் இரண்டு சொட்டு கடலை எண்ணெய் விட்டுக் குழைத்து, பஞ்சால் கழுத்தில் பூசிக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த சுமதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து நின்று பார்த்தாள்.

"தொடைக்கறத பாத்திருக்கேன். ஒரு மனுஷன் உக்காந்து அழுக்கு பண்றத இப்பதான் பாக்கறேன்."

"அவருக்குத் தெரியக்கூடாது இல்ல."

"நேரா போயி சொல்லிட்டா என்ன?"

சொல்லலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் டப்பாவில் எல்லாம் இருக்கும்போது எதற்குச் சொல்லவேண்டும் என்றும் தோன்றியது. புதிய திருகாணிகளை அதே மஞ்சள் துணியில் முடிந்து டப்பாவில் போட்டு மூடினேன்.

பௌர்ணமி

மறுநாள் வருகிறேன் என்றவர் பௌர்ணமி அன்றே வந்துவிட்டார். டிக்கெட் அப்படிக் கிடைத்ததாம். அன்றைக்குப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலம் போக வந்த கூட்டத்தோடு கூட்டமாக, சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருந்தார். பெட்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி குடுடா. அப்புறம் அத எடு."

மெத்தை உறையிலிருந்து கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். கடையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக்கொண்டார். வால்யூமைத் திருப்பினார். கரகரவென்றது. முகம் மலர்ந்தது. மூன்றாவது ப்ரெட்டை அழுத்தினார். கிர்ரென்றது. சிரித்துவிட்டார்.

"இதக்கூட சரி பண்ணாம விட்டுட்டியேடா. உன்னால எப்டி முடிஞ்சுது?"

"குடுத்த வார்த்தைண்ணா" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

கழுத்தைத் தன் பக்கம் சாய்த்து மேல் ஓரத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சேகரு, எனக்கு கண்ணு டெஸ்ட் பண்ணுடா."

"இப்பவா? என்னாச்சுண்ணா?"

"கிட்டத்துல தெரிய மாட்டேங்குது. இந்தக் கண்ணாடி போட்டு மூணு வருஷம் ஆச்சு. பவர் ஜாஸ்தி ஆயிருக்கும்."

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற இரும்பு பிரேமை அவர் மூக்கில் மாட்டினேன். அவருடைய பழைய பவரையே போட்டு, கையில் எழுத்து அட்டையைக் கொடுத்தேன். கடைசி வரியில் இருக்கிற பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தார்.

"நல்லாதான தெரியுது?"

"இது தெரியுது. அது தெரியல. கொஞ்சம் ஏத்திப் போடு." கிட்டாரை மடியில் வைத்து ஓரத்தைப் பார்த்தார்.

அடுத்த லென்ஸைப் போட்டேன். "இப்ப தெரியுதா?"

"தெரியல."

அடுத்தது. "இப்ப?"

"தெரியல."

"எதண்ணா பாக்கறீங்க?"

அவர் நிமிராமலே சொன்னார்.

"ஷாஹிதா வச்ச பொட்டுடா. இந்த ஓரத்துல அஞ்சு இருக்கும். மண்டபத்துல கலர் கலரா லைட்டு அடிப்பானா, கறுப்பு மரத்துல எந்த இடம்னே தெரியாது. தப்பு தப்பா வாசிச்சுட்டு வீட்டுக்கு வந்து பொலம்புவேன். அவகிட்ட ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் சும்மா கெடந்துச்சு, யாரோ கல்யாணத்துல குடுத்தது. அவ வச்சுக்க மாட்டா. தொழுகைக்கு முன்னாடி கை கழுவறப்ப நகத்துல தண்ணி படணும், அது இருந்தா படாது இல்ல. அந்த பாட்டில எடுத்து, நான் காட்டக் காட்ட ஒவ்வொண்ணா வச்சா. மூணாவது ப்ரெட்டு, அப்புறம் அஞ்சு, ஏழு, ஒம்போது, பன்னெண்டு. ஏழாவது கொஞ்சம் கோணலா இருக்கும். நஸ்ரின் அப்ப ரெண்டு வயசு, கைய தட்டிவிட்டுட்டா. தேஞ்சு போயிருக்கும், ஆனா இருக்கும். எனக்குத்தான் தெரியல."

இத்தனை வருடம் பேஸ் வாசிக்கிறேன். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஒரு கிட்டாரில் எந்தெந்த இடத்தில் பொட்டு வைப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஊருக்கே கண் பார்த்துச் சொல்கிறவன், அதைத் தெறித்த பெயிண்ட் என்று பார்த்திருக்கிறேன்.

அடுத்து என் மனம் போன போக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆமாண்ணா, வயசானா சிவப்பு சட்டுனு தெரியாது, புதுக் கண்ணாடி போட்டுக் குடுக்கறேன், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடலாம். கடைக்காரன் குரலில் சொன்னால் நம்பிவிடுவார். இருபது வருடமாக இந்த ஊர் நம்புகிறது. நாளைக்குள் சுமதியின் நெயில் பாலிஷை எடுத்து ஐந்து பொட்டு வைத்துவிடலாம். ஏழாவதைக் கோணலாக வைக்கவேண்டும். லேசாகத் தேய்த்துவிடவேண்டும். என்ன சிவப்பு என்பதுவரை யோசித்துவிட்டேன். பத்து நாளாக அழுக்கையே செய்தவனுக்கு இது பெரிய வேலையா.

அண்ணன் முகத்தை உயர்த்திக் காத்திருந்தார். மூக்கில் அந்த இரும்பு பிரேம். அடுத்த லென்ஸில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லண்ணா. நாந்தான் தொடச்சிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தோரு துண்டு, டப்பா, கடலை எண்ணெய் எல்லாம். பெயிண்ட் என்று நினைத்ததையும் சொன்னேன். கழற்றிய எல்லாம் இருக்கிறது, அது ஒன்றுதான் இல்லை என்றேன். சொல்லி முடித்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. வெளியே தெருவில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"ஏண்ணா, பொட்டு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அத எப்டிடா சொல்றது" என்றார்.

கழுத்தோரத்தை மறுபடி ஒருமுறை தடவிவிட்டுக் கேட்டார்: "எதுல தொடச்ச?"

"அசிட்டோன்லண்ணா."

"அது இல்ல. எந்தத் துணில?"

நான் டப்பாவை இழுத்தேன். கவர்களைத் தள்ளிவிட்டு அடியில் கையை விட்டு மஞ்சள் முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். அவரே அவிழ்த்தார். திருகாணிகளை டப்பாவில் கொட்டினார். துணியைத் தன் முழங்கால்மேல் விரித்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார். வெளிறிப்போன மஞ்சளில் சிவப்பாக இரண்டு இழுப்பு இருந்தது. ஓர் இடத்தில் கொஞ்சம் அடர்த்தியாக.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இருபது வருடப் பழக்கம்.

"இப்ப தெரியுதாண்ணா?"

"தெரியுதுடா" என்றார்.

துணியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரேம் மூக்கிலேயே இருந்தது. வாசல்வரை அதோடு போய்விட்டார். கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மருதாணி வைத்த அன்று நஸ்ரின் இரண்டு கையையும் விரித்து நீட்டி உட்கார்ந்திருக்க, எதிரில் உட்கார்ந்து வாசித்தார். நான் பொட்டு வைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஏழாவது இடத்தில் இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் நிறுத்தி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி வாசித்தார். நஸ்ரின் மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். நானும் சுமதியும் கதவுப் பக்கம் நின்றிருந்தோம். அன்றைக்கு சுமதிக்கு பேஸ் நன்றாகக் கேட்டதாம்.

மஸ்கட்டுக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் கிட்டாரை மறுபடி என் கடைக்கே கொண்டுவந்தார். சுவரோரம் சாய்த்து வைத்தார். டீ குடித்தோம். இந்த முறை அவர் "ஒண்ணும் பண்ணாத" என்று சொல்லவில்லை.

இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வால்யூம் கரகரக்கிறது, மூன்றாவது ப்ரெட் கிர்ரென்கிறது. மேலே தூசி படிந்திருக்கிறது, துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.